131 பெருசா, 111 பெருசா?

2017 மார்ச் 31. டெக்சாஸ் மாநிலம் டல்லஸ் நகரில் அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து அரையிறுதி. ஒரு பக்கம் கனெக்டிகட் பல்கலைக்கழகம், எதிரே மிசிசிப்பி ஸ்டேட். ஆட்டம் சமனாகி கூடுதல் நேரத்துக்குப் போனது. கூடுதல் நேரமும் முடியப்போகும் கடைசி நொடியில் மோர்கன் வில்லியம் என்ற சின்ன உருவப் பெண் எறிந்த பந்து வளையத்துக்குள் இறங்கியது. 66-64. கனெக்டிகட் தோற்றுவிட்டது. அதற்கு முன் அந்த அணி வரிசையாக 111 ஆட்டம் ஜெயித்திருந்தது.

கல்லூரிக் கூடைப்பந்து வரலாற்றிலேயே மிக நீண்ட வெற்றித்தொடர் முடிவுக்கு வந்துவிட்டது என்று பல செய்திகள் எழுதின. இங்கேதான் இடிக்கிறது. அதே டெக்சாஸின் வடமேற்கில் பிளெய்ன்வியூ என்று ஒரு சின்ன ஊர். பருத்தியும் கோதுமையும் விளையும் சமவெளி. அங்கே வேலண்ட் பாப்டிஸ்ட் காலேஜ் என்று ஒரு சிறிய கிறிஸ்தவக் கல்லூரி. அதன் பெண்கள் அணி 1953-இல் ஜெயிக்க ஆரம்பித்து 1958 மார்ச் வரை தோற்கவே இல்லை. வரிசையாக 131 ஆட்டம். நடுவில் பயிற்சியாளரே மாறிவிட்டார், தொடர் அறுபடவில்லை. 1954, 55, 56, 57 என்று நான்கு வருடமும் தேசியப் பட்டம் அவர்களுக்குத்தான்.

131 என்பது 111-ஐ விடப் பெரியது. இதற்கு பி.இ. படித்திருக்க வேண்டியதில்லை. அப்புறம் எப்படி 111 "வரலாற்றிலேயே" ஆனது? கூடவே இன்னொரு கேள்வி. இந்த 131-ஐ ஆடிய அணிக்கு, நெய்ஸ்மித் பெயரில் இருக்கும் கூடைப்பந்துப் புகழ் மண்டபத்தில் இடம் கிடைத்தது 2019 செப்டம்பரில். தொடர் முடிந்து 61 வருடம் கழித்து. ஏன் அவ்வளவு நாள்? இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான் என்பது என் வாதம். அது கூடைப்பந்தைப் பற்றியதை விட, கணக்குப் புத்தகத்தைப் பற்றியது.

முதலில் அந்த அணி. பேர் 'ஃப்ளையிங் குவீன்ஸ்', பறக்கும் ராணிகள். அலங்காரத்துக்கு வைத்த பேர் கிடையாது, நிஜமாகவே பறந்தார்கள். கிளாட் ஹட்சர்சன் என்பவர் அந்தக் கல்லூரியின் பழைய மாணவர், உள்ளூரில் சிறு விமானச் சேவை நடத்தியவர். வெளியூர் ஆட்டங்களுக்குத் தன்னுடைய பீச்கிராஃப்ட் போனன்சா விமானங்களில் அணியை ஏற்றிப் போவார். நான்கு பேர் உட்காரக்கூடிய குட்டி விமானங்கள், ஆகவே ஒரு அணிக்கு மூன்று நான்கு விமானம் வேண்டும். பல வருடம் அணியின் பேரே 'ஹட்சர்சன் ஃப்ளையிங் குவீன்ஸ்' என்றுதான் எழுதப்பட்டது. ஐ.பி.எல். பார்க்கிற நமக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இருக்காது. ஆனால் 1950-களில், பெண்கள் அணிக்கு, அதுவும் முழு உதவித்தொகையோடு! அமெரிக்காவில் பெண்களுக்கு விளையாட்டுக்காகப் படிப்புச் செலவை ஏற்ற கல்லூரிகளை அன்றைக்கு விரல்விட்டு எண்ணிவிடலாம்.

சரி, பெரிய பெரிய பல்கலைக்கழகங்கள் இருக்க, ஒரு மூலையில் கிடந்த பாப்டிஸ்ட் கல்லூரிக்கு இது எப்படி வாய்த்தது? பெரிய பல்கலைக்கழகங்கள் களத்தில் இறங்கவே இல்லை, அதுதான் காரணம்.

கூடைப்பந்தை ஜேம்ஸ் நெய்ஸ்மித் கண்டுபிடித்தது 1891 டிசம்பரில், மாசசூசெட்ஸ் மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில். அடுத்த ஒன்றிரண்டு வருடத்திலேயே பக்கத்து ஸ்மித் கல்லூரியில் செண்டா பெரென்சன் பெண்களுக்கு அதைச் சொல்லிக் கொடுத்துவிட்டார். ஆக, பெண்கள் பின்னால் வந்து சேர்ந்தவர்கள் இல்லை, கிட்டத்தட்ட கூடவே பிறந்த ஆட்டம். ஆனால் 1923-இல் லூ ஹூவர் தலைமையில் (பின்னாளில் அதிபரான ஹூவரின் மனைவி) ஒரு அமைப்பு கிளம்பியது. பெண்கள் விளையாடட்டும், போட்டி வேண்டாம், கோப்பை வேண்டாம், டிக்கெட் போட்டுக் கூட்டம் சேர்க்க வேண்டாம் என்பது அதன் கொள்கை. பெண்களின் உடல்நலத்துக்காக என்றுதான் சொன்னார்கள். உடற்கல்வி ஆசிரியைகளே பலர் அதன் பக்கம். விளைவு: பெரிய கல்லூரிகள் பெண்கள் அணிகளை வெளியே அனுப்புவதை நிறுத்தின. போட்டிக்குப் பதில் 'விளையாட்டு நாள்' வந்தது. பல கல்லூரிப் பெண்களைக் கலந்து பிரித்து ஆடவிட்டு, டீயும் பிஸ்கட்டும் கொடுத்து அனுப்புவார்கள். நம்மூரில் "பொம்பளப் புள்ளைக்குப் போட்டி எதுக்கு" என்று ஒரு வரியில் முடிப்பதை அங்கே தீர்மானம் போட்டு முடித்தார்கள்.

ஆனால் ஆட்டம் சாகவில்லை. கல்லூரி கைவிட்டதைக் கம்பெனி எடுத்துக்கொண்டது. ஏ.ஏ.யு. என்ற அமெச்சூர் சங்கம் பெண்களுக்குத் தேசியப் போட்டி நடத்தியது, அதில் கம்பெனி அணிகள்தான் ராஜா. 1951, 52, 53 மூன்று வருடமும் சாம்பியன், வட கரோலினாவின் ஹேன்ஸ் ஹோசியரி. சாக்ஸ் பின்னுகிற மில். 102 ஆட்டம் தொடர்ந்து ஜெயித்த அணி அது. திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்று பெண்கள் அணி வைத்து இந்தியாவையே அடித்துத் துவைத்தது என்று கற்பனை பண்ணிக்கொள்ளுங்கள். நாஷ்வில் பிசினஸ் காலேஜ் என்று இன்னொரு அணி. பேரில் காலேஜ் இருக்கும், ஆனால் ஆடியவர்கள் பலரும் அங்கே படித்தவர்கள் அல்லர்.

வேலண்ட் இந்தக் கூட்டத்துக்குள் புகுந்துதான் ஜெயித்தது. இது அமெரிக்கர்களை விட நமக்குச் சட்டென்று புரியும். தமிழ்நாட்டில் ஊர்ப் பேரில் நடக்கிற ஓபன் டோர்னமென்ட் எதையாவது பாருங்கள். கல்லூரி அணி, போலீஸ் அணி, பேங்க் அணி, ரயில்வே அணி எல்லாம் ஒரே அட்டவணையில் இருக்கும். கல்லூரிப் பிள்ளைகளுக்கு 19, 20 வயது. எதிரில் நிற்பவர்கள் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை வாங்கி, பத்து வருடமாக அதையே செய்துகொண்டிருப்பவர்கள். கல்லூரி அணி அரையிறுதிக்கு வந்தாலே கைதட்டுவோம். ஒரு தமிழ்நாட்டுக் கல்லூரிப் பெண்கள் அணி, சதர்ன் ரயில்வே உட்பட எதிரே வந்த எல்லோரையும் நான்கு சீசன் தொடர்ந்து ஜெயித்தது என்று வைத்துக்கொண்டால்தான் 131-இன் எடை தெரியும்.

எதிர்த்தரப்பு வாதத்தையும் பார்த்துவிடுவோம். லேசானது இல்லை.

முதலாவது, அது வேறு ஆட்டம். 1950-களில் அமெரிக்கப் பெண்கள் ஆடியது ஆறு பேர் கூடைப்பந்து. மூன்று பேர் தாக்குபவர்கள், மூன்று பேர் காப்பவர்கள், நடுக்கோட்டை யாரும் தாண்டக்கூடாது. காப்பவர் வாழ்நாள் முழுக்கப் பந்தை வளையத்துக்கு எறியாமலே ஓய்வு பெறலாம்! பந்தைத் தட்டிக்கொண்டே நினைத்த தூரம் ஓடவும் முடியாது, எண்ணித்தான் தட்ட வேண்டும். பெரென்சன் மைதானத்தை மண்டலங்களாகப் பிரித்து வைத்த விதியின் மிச்சம் அது. யாழ்ப்பாணத்து வாசகர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அவர்கள் பள்ளியில் ஆடுகிற வலைப்பந்தாட்டம், பெண்கள் கூடைப்பந்து இங்கிலாந்துக்குப் போய் அந்தப் பழைய விதிகளோடு உறைந்துபோன வடிவம்தான். தர்ஜினி சிவலிங்கம் வளையத்தடியில் நின்று பந்தை மேலே வாங்கிப் போடுவதைப் பார்த்தவர்களுக்கு, மண்டல விதியில் ஆடுகிற ஆட்டம் எவ்வளவு நுணுக்கமானது என்று தெரியும். ஆகவே "வேறு ஆட்டம்" என்பதை ஒத்துக்கொள்ளலாம், "சின்ன ஆட்டம்" என்றால் ஒத்துக்கொள்ள முடியாது. 1955-இலிருந்து 18 வருடம் வேலண்டின் பயிற்சியாளராக இருந்த ஹார்லி ரெடின், ஐந்து பேர், முழு மைதானம் என்று விதியை மாற்றச் சொல்லி வாதாடியவர்களில் முக்கியமானவர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, எதிரணிகளின் தரம். மொத்தத்தில் வலுவான அணிகளே குறைவு. கம்பெனி அணிகளை எதிர்கொண்டது உண்மை, ஆனால் 131-உம் ஹேன்ஸ் ஹோசியரி தரத்து ஆட்டங்கள் அல்ல. நடுவில் சின்னச் சின்ன அணிகள் நிறைய. உதவித்தொகை கொடுத்து நாடு முழுக்க ஆள் எடுக்கிற அணி, ஆள் கிடைத்தால் போதும் என்று ஆடுகிற அணியோடு மோதினால் முடிவு என்னவாகும் என்று தெரிந்ததே. ஆனால் இதே குற்றச்சாட்டு கனெக்டிகட்டுக்கும் அப்படியே பொருந்தும். அவர்களும் தங்கள் லீக்கில் பாதிப் பேரைத் தூங்கிக்கொண்டே ஜெயித்தார்கள்.

மூன்றாவதுதான் கனமானது. அன்றைய ஏ.ஏ.யு. பெண்கள் கூடைப்பந்தின் மேல்தட்டு கிட்டத்தட்ட முழுக்க வெள்ளையர் உலகம். வேலண்ட் கல்லூரி 1951-லேயே கறுப்பின மாணவர்களைத் தானாகச் சேர்த்துக்கொண்டது, தெற்கு மாநிலங்களில் அது பெரிய விஷயம். இருந்தாலும், யாரை எதிர்த்து ஆட வாய்ப்பே அமையவில்லையோ அவர்களையும் வென்றதாக 131-இல் கணக்கு வைக்க முடியாது. இதை அந்த எண்ணின் மேல் நிரந்தர அடிக்குறிப்பாகப் போட வேண்டும் என்றே நினைக்கிறேன்.

இவ்வளவும் சொன்ன பிறகும் என் தீர்ப்பு: 111 வரலாற்றிலேயே நீளமானது என்பது தவறான வாக்கியம். சரியான வாக்கியம், என்.சி.ஏ.ஏ. கணக்கு வைக்க ஆரம்பித்த பிறகு நீளமானது என்பது. அந்த அமைப்பு பெண்களுக்குக் கூடைப்பந்துப் போட்டி நடத்த ஆரம்பித்ததே 1981-82 சீசனில். அதற்கு முன் பத்து வருடம் ஏ.ஐ.ஏ.டபிள்யூ. என்ற வேறு அமைப்பு. அதற்கும் முன்னால் ஏ.ஏ.யு. டேட்டாபேஸ் வேலை பார்க்கிறவர்களுக்கு இது தினப்படி தலைவலி. பழைய சிஸ்டத்திலிருந்து புதிய சிஸ்டத்துக்கு மாறும்போது பழைய பதிவுகளைக் கொண்டுவராமல் விட்டுவிட்டால், புதிய சிஸ்டத்தில் ரிப்போர்ட் எடுக்கிறவன் கண்ணுக்கு முதல் வாடிக்கையாளர் 1982-இல் பிறந்தவராகத்தான் தெரிவார். ரிப்போர்ட் பொய் சொல்லவில்லை. தலைப்புதான் பொய். ஆண்களுக்கு இந்தச் சிக்கல் வரவில்லை பாருங்கள். யு.சி.எல்.ஏ. ஆண்கள் 1971-லிருந்து 74 வரை ஜெயித்த 88 அதே புத்தகத்தில் அழகாக உட்கார்ந்திருக்கிறது. பெண்களுக்கு மட்டும் புத்தகம் இரண்டு தடவை மாறியது.

இனி புகழ் மண்டபம். இதில்தான் எனக்குச் சுவாரசியம் அதிகம்.

நெய்ஸ்மித் புகழ் மண்டபம் ஆட்களை மட்டும் சேர்ப்பதில்லை, சில சமயம் முழு அணியையே சேர்க்கும். 1959-இல் நெய்ஸ்மித் ஆடவைத்த முதல் அணி, ஒரிஜினல் செல்டிக்ஸ். 1963-இல் கறுப்பின வீரர்களின் நியூயார்க் ரென்ஸ். பெண்கள் அணி என்று முதலில் உள்ளே போனது 2012-இல் ஆல் அமெரிக்கன் ரெட் ஹெட்ஸ். சிவப்பு முடியோடு ஊர் ஊராகப் போய் ஆண்கள் அணிகளோடு வேடிக்கை காட்டி ஆடிய குழு. பிறகு 2014-இல் இமாகுலேட்டா கல்லூரி. 2019-இல்தான் வேலண்ட்.

வரிசையைக் கவனியுங்கள். இமாகுலேட்டா ஜெயித்தது 1972, 73, 74. மூன்று பட்டம், பெரிய சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் வேலண்டின் முதல் தேசியப் பட்டத்துக்கு 18 வருடம் கழித்து வந்தவர்கள், புகழ் மண்டபத்துக்கு ஐந்து வருடம் முன்னால் போய்விட்டார்கள். ஏன்? இமாகுலேட்டா ஜெயித்தது ஏ.ஐ.ஏ.டபிள்யூ. நடத்திய போட்டி. அது கல்லூரிகளுக்கு மட்டுமான போட்டி, இன்றைய என்.சி.ஏ.ஏ. போட்டியின் நேரடி முன்னோடி. "முதல் கல்லூரி சாம்பியன்" என்று ஒரு கட்டம் தயாராக இருந்தது, அதில் அவர்கள் பொருந்தினார்கள். வேலண்டோ கம்பெனிகளோடு ஆடிய கல்லூரி. கல்லூரிக் கணக்கில் சேர்த்தால் கம்பெனி மாதிரி இருக்கிறது, கம்பெனிக் கணக்கில் சேர்த்தால் கல்லூரி. கடினமான எதிரிகளோடு ஆடியதே அவர்களுக்குக் கட்டம் இல்லாமல் பண்ணிவிட்டது.

இன்னொரு விஷயம். 'த மைட்டி மேக்ஸ்' என்று இமாகுலேட்டா அணியைப் பற்றிய படம் 2011-இல் தியேட்டருக்கு வந்தது. அணி மண்டபத்துக்குள் போனது 2014. அதேபோல 1966-இல் ஐந்து கறுப்பின வீரர்களை ஆரம்ப அணியாக இறக்கி கென்டக்கியை 72-65 என்று வென்ற டெக்சாஸ் வெஸ்டர்ன். அவர்களைப் பற்றிய 'குளோரி ரோடு' வந்தது 2006 ஜனவரியில், மண்டபம் 2007-இல். படத்தால்தான் இடம் கிடைத்தது என்று நான் சாதிக்க வரவில்லை. இரண்டுமே தகுதியான அணிகள். ஆனால் வரிசை அப்படித்தான் இருக்கிறது.

படம் என்ன செய்கிறது என்றால், கணக்கைக் கதையாக மாற்றுகிறது. 'குளோரி ரோடு' படத்தில் டான் ஹாஸ்கின்ஸ் புதிதாக வேலைக்குச் சேர்ந்து, ஆள் பிடித்து, அதே சீசனில் கோப்பையை அடிப்பார். நிஜத்தில் அவர் 1961-லேயே வந்தவர், பட்டம் ஐந்தாவது சீசனில். நடுவில் இருந்த நான்கு வருட உழைப்பைப் படம் சாப்பிட்டுவிட்டது. ஏன்? முட்டி மோதி, அவமானப்பட்டு, ஒரே மூச்சில் ஜெயித்தால்தான் கதை. இந்த அளவுகோலில் வேலண்டை வைத்துப் பாருங்கள். முதல் ஆட்டம் வெற்றி. இரண்டாவது வெற்றி. எழுபதாவது வெற்றி. நூற்றிப் பத்தாவது வெற்றி. இன்டர்வெல் பிளாக்கை எங்கே வைப்பது? நொடித்துப்போன பயிற்சியாளர் கிடையாது, குடிகார அப்பா கிடையாது. ஊர்க்காரர் ஒருவர் செலவுக்குப் பணமும் பறக்க விமானமும் கொடுத்தார், பெண்கள் நன்றாக ஆடினார்கள், ஜெயித்தார்கள். வெள்ளித்திரைக்கு இதைப்போல மோசமான கதை வேறு இல்லை.

நம் ஆட்களும் சளைத்தவர்கள் இல்லை. அதே 2019-இல் தீபாவளிக்கு வந்த 'பிகில்' பெண்கள் கால்பந்து அணியைப் பற்றிய படம் என்றுதான் பேர். போஸ்டரில் யார் இருந்தார் என்று எல்லோருக்கும் தெரியும். விளையாட்டுக் கதையில் அணி என்பது பயிற்சியாளரின் மனமாற்றத்துக்கு ஒரு பின்னணி. புகழ் மண்டபத்துக்கும் இந்தப் பழக்கம் உண்டு. இமாகுலேட்டா பயிற்சியாளர் கேத்தி ரஷ் 2008-லேயே உள்ளே போய்விட்டார், ஓடி ஆடிய பெண்கள் ஆறு வருடம் காத்திருந்தார்கள்.

வேலண்டோடு 2019-இல் சேர்க்கப்பட்ட இன்னொரு கல்லூரி அணி டென்னசி ஏ அண்ட் ஐ. நாஷ்வில் நகரத்துக் கறுப்பினக் கல்லூரி. 1957, 58, 59 மூன்று வருடம் தொடர்ந்து தேசியப் பட்டம். பயிற்சியாளர் ஜான் மெக்லெண்டன், கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் நெய்ஸ்மித்திடமே பாடம் கற்றவர். கறுப்பர் என்பதால் அங்கே அணியில் ஆட மட்டும் விடவில்லை. இந்த அணி மறக்கப்படாமல் இருந்ததற்கு முக்கியமான காரணம், அதில் ஆடிய டிக் பார்னெட் பல வருடம் விடாமல் கதவைத் தட்டியது. அவர் பின்னால் என்.பி.ஏ. நட்சத்திரம், பேர் இருந்தது, தட்டினால் திறந்தார்கள். வேலண்ட் பெண்களில் யாருக்கும் அப்படி ஒரு மேடை பின்னால் அமைய வழியே இல்லை. அவர்கள் காலத்தில் பெண்களுக்கு என்.பி.ஏ. போல ஒரு லீக் கிடையாது, ஒலிம்பிக்கில்கூடப் பெண்கள் கூடைப்பந்து 1976-இல்தான் வந்தது. ஆக, ஒரு எண் மேலே வர மூன்றில் ஒன்றாவது வேண்டியிருக்கிறது: கணக்கு வைக்கிற அமைப்பு, அல்லது சினிமா, அல்லது கதவைத் தட்ட ஒரு பிரபலம். வேலண்டுக்கு மூன்றும் இல்லை. இருந்தது ஒன்றுதான், கல்லூரி தன் கணக்கைத் தானே பத்திரமாக வைத்திருந்தது. எந்த ஊரில், யாரோடு, எத்தனைக்கு எத்தனை என்று. 61 வருடம் கழித்துக் கதவு திறந்தபோது நீட்டுவதற்குக் கையில் காகிதம் இருந்தது.

நம்ம பக்கம் இதை வைத்துப் பார்ப்போம். கூடைப்பந்து நமக்கு நேற்று வந்த ஆட்டம் கிடையாது. நெய்ஸ்மித் பந்து போட்ட அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக், 1919-இல் மெட்ராஸ் வந்து, 1920-இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். இன்றைக்கு நந்தனத்தில் இருக்கும் கல்லூரி அதுதான். 1943-இல் மெட்ராஸிலேயே இறந்துபோனார். நம் பள்ளி, கல்லூரிகளில் விசிலோடு நிற்கிற பி.டி. மாஸ்டர் என்ற வம்சத்துக்கே அவர்தான் தாத்தா. நூறு வருடப் பாரம்பரியம்.

2017 ஜூலை. குந்தாரப்பள்ளியிலிருந்து பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத் தொலைவில், பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியத்தில் பெண்கள் ஆசியக் கோப்பை 'பி' பிரிவு இறுதி ஆட்டம். இந்தியா கஜகஸ்தானை 75-73 என்று வென்று 'ஏ' பிரிவுக்கு ஏறியது. கேப்டன் சென்னையைச் சேர்ந்த, சதர்ன் ரயில்வேயின் அனிதா பால்துரை. 19 வயதில் இந்திய அணிக்குக் கேப்டன் ஆனவர், ஆசியச் சாம்பியன்ஷிப்பில் ஒன்பது தடவை ஆடியவர், குழந்தை பிறந்த பிறகு திரும்பி வந்து இந்தக் கோப்பையை வாங்கினார். 2021-இல் பத்மஸ்ரீ. அவரோடு ஆடிய கேரளத்துக் கீத்து அன்னா ஜோஸுக்கு 2014-இல் அர்ஜுனா. இரண்டும் மகிழ்ச்சியான செய்தி. ஆனால் இந்த விருதுகள் எல்லாம் ஆளுக்கு. அணிக்கு என்று அங்கே ஒரு கட்டம் கிடையாது. அந்த 75-73-ஐப் பன்னிரண்டு பேர் சேர்ந்துதான் போட்டார்கள்.

தேசிய அணிக்கே இப்படி என்றால் கல்லூரி அணிக்கு? நம் கல்லூரிகளில் எது பிழைக்கிறது, எது சாகிறது என்று பார்த்தால் ஒரு விசித்திரம் புரியும். சர்டிபிகேட் பிழைக்கிறது. ஏனென்றால் அதில் சோறு இருக்கிறது. மத்திய அரசு ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு ஃபாரம் 1, 2, 3, 4 என்று உண்டு. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடியதற்கு ஃபாரம் 3. அதை லேமினேட் பண்ணி, பத்து ஜெராக்ஸ் எடுத்து, பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்திருப்பார்கள். அதில் இருப்பது ஒரு பெண்ணின் பெயர், அப்பா பெயர், போட்டியின் பெயர், பெற்ற இடம், கையெழுத்து, முத்திரை. யாரை எதிர்த்து, எத்தனை புள்ளி வித்தியாசத்தில், கூட ஆடியவர்கள் யார் என்பது அதில் இருக்காது. அது ஸ்கோர்ஷீட்டில் இருக்கும், அதனால் யாருக்கும் வேலை கிடைக்காது. ஆகவே ஸ்கோர்ஷீட் சாகிறது.

இந்தப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் (பேர் வேண்டாம்) 1990-களில் நல்ல பெண்கள் அணி இருந்தது என்று கேள்விப்பட்டு விசாரிக்கப் போனேன். கண்ணாடி அலமாரியில் கோப்பைகள் இருந்தன. வெள்ளி முலாம் போய்க் கறுத்த கோப்பை ஒன்றில் 'வின்னர்ஸ்' என்று பொறித்து, கீழே வருடம், அதற்குக் கீழே கோப்பையை நன்கொடையாகக் கொடுத்த மளிகைக் கடைக்காரரின் பெயர் மூன்று இனிஷியலோடு. ஆடிய பெண்கள் பெயர் எங்கும் இல்லை. ஆட்டப் பதிவேடு இருக்கிறதா என்று கேட்டேன். ஆபீஸ் மாற்றும்போது பழைய பேப்பர் கடைக்குப் போயிருக்கும் என்றார்கள். வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை, சாதாரணமாகச் சொன்னார்கள். அந்த அணி எத்தனை ஆட்டம் தொடர்ந்து ஜெயித்தது? பத்தா, நாற்பதா? ஆடியவர்கள் நினைவில் இருக்கும், ஆளுக்கு ஒரு எண்ணாக.

இதற்குக் கட்டடமும் குத்துவிளக்கும் வேண்டாம். ஆட்டம் முடிந்ததும் இரண்டு கேப்டனும் கையெழுத்துப் போட்ட ஸ்கோர்ஷீட்டை போனில் ஒரு போட்டோ எடுத்து, தேதியோடு ஒரு போல்டரில் போட்டால் போதும். பி.டி. மாஸ்டருக்கு அரை நிமிட வேலை. இன்று ஆடுகிற பிள்ளைகளில் யாராவது ஒருத்தி 2080-இல் தன் பேத்தியிடம் ஒரு எண்ணைச் சொன்னால், அந்தப் பேத்தி சரிபார்த்துக்கொள்ளட்டும்.

டெக்சாஸ் பெண்களின் தொடர் எப்படி முடிந்தது என்று சொல்லாமல் விட்டுவிட்டேன். 1958 ஏ.ஏ.யு. தேசியப் போட்டி அரையிறுதி. எதிரே நாஷ்வில் பிசினஸ் காலேஜ், அந்தப் 'பேர் மட்டும் காலேஜ்' அணி. வேலண்ட் தோற்றது, அந்த வருடப் பட்டமும் நாஷ்வில்லுக்குப் போனது. நாஷ்வில் அணியின் நட்சத்திரம் நெரா வைட் என்ற பெண். ஆட்டக்காரிகள் என்ற வகையில் நெய்ஸ்மித் புகழ் மண்டபத்துக்குள் முதன்முதலாகப் போன இரண்டு பெண்களில் அவர் ஒருவர், லூசியா ஹாரிஸ் இன்னொருவர். வருடம் 1992. 131-ஐ நிறுத்திய அணியின் ஆட்டக்காரி உள்ளே போய் 27 வருடம் கழித்துத்தான் 131-ஐ ஆடியவர்கள் அந்த வாசலை மிதித்தார்கள்.